முதல் மலைப்பாதை ஓட்டத்துக்குத் தயாராவது எப்படி?

தார்ச்சாலையில் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடி முடிப்பவர், மலைப்பாதையில் அதே தூரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வது சகஜம். முதல் தடவை போகிறவர்கள் இதைப் பார்த்து மிரண்டுபோய், 'நம்ம வேகம் பத்தலை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வேகத்தில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. ஏற்றத்தைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள், இறக்கத்தில் ஓடிப் பழகியிருக்க மாட்டார்கள், ஓடிக்கொண்டே சாப்பிடத் தெரிந்திருக்காது. ஊரில் எத்தனை மராத்தான் ஓடியிருந்தாலும் இந்த மூன்றையும் தனியாகத்தான் பழக வேண்டும்.

நிற்காமல் 10 கிலோமீட்டர் ஓடக்கூடியவர், முடிந்தால் ஓர் அரை மராத்தானாவது முடித்தவர், மேற்குத் தொடர்ச்சி மலையில் 25 அல்லது 30 கிலோமீட்டர் ட்ரெயில் ஓட்டம் ஒன்றில் கலந்துகொள்ள நினைக்கிறார் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இன்னும் 5 கிலோமீட்டரே சிரமம் என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மலை எங்கேயும் ஓடிப்போகாது.

1. போட்டியைத் தேர்ந்தெடுப்பது

போட்டி அறிவிப்பில் எல்லோரும் முதலில் பார்ப்பது கிலோமீட்டரை. அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'மொத்த ஏற்றம்' என்று மீட்டரில் ஓர் எண் இருக்கும். உங்கள் தலையெழுத்தைத் தீர்மானிப்பது அந்த எண். பாதை எத்தனை முறை ஏறி இறங்கினாலும், ஏறிய உயரங்களை மட்டும் கூட்டி வருவது அது. 30 கிலோமீட்டரில் 500 மீட்டர் ஏற்றம் என்றால் மேடுபள்ளமான ஓட்டம். அதே 30 கிலோமீட்டரில் 1,500 மீட்டர் ஏற்றம் என்றால் முழு மலையேற்றம்.

இரண்டையும் ஒப்பிட எளிய சூத்திரம் ஒன்று உண்டு. ஐ.டி.ஆர்.ஏ. எனப்படும் சர்வதேச ட்ரெயில் ஓட்டச் சங்கம் பயன்படுத்துவது: தூரத்தோடு, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முதல் போட்டி 35 ஆகிறது, இரண்டாவது 45 ஆகிறது. இந்தக் கூட்டல் 25-லிருந்து 44 வரை வந்தால் அந்தச் சங்கத்தின் வகைப்பாட்டில் எக்ஸ்.எஸ்., 45-லிருந்து 74 வரை எஸ். முதல் போட்டிக்கு எக்ஸ்.எஸ். அளவே போதும் என்பது என் கருத்து. 45-ஐத் தொடும் போட்டி, ஏற்கெனவே மலையேற்றப் பழக்கம் உள்ளவருக்கு.

நம் பக்கத்தில் இடங்களுக்குப் பஞ்சமில்லை. நீலகிரி, ஏலகிரி, வாகமன் என்று பல மலைகளில் போட்டிகள் நடத்துகிறார்கள். கர்நாடகத்தின் சிக்கமகளூர் வட்டாரத்தில், காபித் தோட்டங்கள் வழியே நடக்கும் மல்நாடு அல்ட்ரா தென்னிந்திய ஓட்டக்காரர்களிடையே நன்றாகப் பெயரெடுத்தது. எது என்றாலும், முன்பு அதே போட்டியில் ஓடிய ஒருவரைப் பிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள்: வழியில் பாதை காட்டும் ரிப்பன்கள் ஒழுங்காகக் கட்டியிருந்தார்களா? கடைசியாக வந்தவருக்கும் தண்ணீர் மிச்சமிருந்ததா? பதக்கமும் டி-ஷர்ட்டும் எப்படி இருந்தன என்பதை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.

லடாக், மணாலி போட்டிகள் புகைப்படத்தில் ஆளை இழுக்கும். ஆனால் 2,500 மீட்டருக்கு மேல் போனால் உயர நோய் என்ற தனிப் பிரச்சினை சேர்ந்துகொள்கிறது. நாள்கணக்கில் முன்னதாகப் போய் உடம்பைப் பழக்க வேண்டும். தென்னிந்தியாவின் உயரமான சிகரம் ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். நம் போட்டிகள் நடப்பது பெரும்பாலும் அந்த 2,500 மீட்டருக்கும் கீழே என்பதால் அந்தக் கவலை இல்லாமல் தொடங்கலாம்.

2. கட்-ஆஃப் கணக்கு

பதிவு செய்யும் முன் ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், நடப்பவருக்கு ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம்.

30 கிலோமீட்டர், 1,500 மீட்டர் ஏற்றம், கட்-ஆஃப் (அதற்குள் முடித்தாக வேண்டிய நேரம்) 8 மணி நேரம் என்று ஒரு போட்டியை வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 6 மணி, ஏற்றத்துக்கு இரண்டரை மணி, மொத்தம் எட்டரை. முழுக்க நடந்தே போனால் அரை மணி நேரம் தாமதமாகிவிடும். சமதளத்திலும் இறக்கத்திலும் மெதுவாக ஓடினாலே அந்த அரை மணியையும் பிடித்து, வழியில் தண்ணீரும் சாப்பாடும் கொடுக்கும் எய்ட் ஸ்டேஷன்களில் நிற்கும் நேரத்தையும் ஈடுகட்டிவிடலாம். மலையில் ஓடுவது என்பதன் நடைமுறை அர்த்தம் முதல் முறை போகிறவருக்கு இவ்வளவுதான்: ஏற்றம் முழுக்க நடை, மற்ற இடங்களில் முடிந்தவரை ஓட்டம்.

இடையிலும் கட்-ஆஃப் உண்டு. 'இந்த எய்ட் ஸ்டேஷனை இத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும்' என்று விதியில் இருக்கும். பெரிய ஏற்றம் முதல் பாதியில் இருக்கிறதா, இரண்டாம் பாதியில் இருக்கிறதா என்று பாதையின் உயர வரைபடத்தில் பாருங்கள். முதல் பாதியிலேயே இருந்தால், அந்த இடைக் கட்-ஆஃப்தான் ஆளைக் காலி செய்யும்.

பதிவுக்கு அடையாள அட்டை, ரத்த வகை, அவசரத் தொடர்பு எண் கேட்பார்கள். சில போட்டிகளில் மருத்துவர் சான்றும், முன்பு ஓடியதற்கான ஆதாரமும் வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்காவிட்டாலும் ஒரு தடவை மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. அந்தப் பத்தியைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

3. பயிற்சி: நான்கு மாதம்

பதினாறு வாரம் இருந்தால் நிம்மதி. வாரத்தில் நான்கு நாள் போதும். இரண்டு நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம், ஒரு நாள் ஏற்றம், ஒரு நாள் நீண்ட ஓட்டம். மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நான்காவது வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். நீண்ட ஓட்டத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல் மணியில் அளக்க வேண்டும். இரண்டு மணியில் தொடங்கி, போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நான்கரை, ஐந்து மணி நேரம் காலில் நிற்கும் அளவுக்கு வந்தால் சரி. அதில் பாதி நடையாக இருந்தாலும் குற்றமில்லை. கடைசி இரண்டு வாரம் அளவை நன்றாகக் குறைத்துவிட வேண்டும். அப்போது போய் 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று ஓடுவதால் கால் வலிதான் மிச்சம்.

சமவெளியில் இருக்கிறவர்களின் கேள்வி: மலைக்கு எங்கே போவது? படிக்கட்டுதான் பதில். ஒரு மாடி சுமார் 3 மீட்டர் என்று வைத்தால், பத்து மாடிக் குடியிருப்பை ஒரு முறை ஏறினால் 30 மீட்டர். பத்து முறை ஏறி இறங்கினால் 300 மீட்டர். லிஃப்டில் இறங்கக் கூடாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். சென்னையில் பரங்கிமலை இருக்கிறது. திருச்சியில் மலைக்கோட்டை, கோவையில் மருதமலை. சோளிங்கரில் 1,305 படி. திருமலைக்கு அலிபிரி வழியில் 3,550 படி, ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படி. இவையெல்லாம் பக்தர்கள் வெறுங்காலோடு வேண்டுதலுக்கு ஏறும் இடங்கள். கூட்டமில்லாத விடியற்காலையில், அங்குள்ள கட்டுப்பாடுகளை மதித்து, வேகமாக நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயதான பாட்டியை இடித்துக்கொண்டு ஓடி எடுக்கும் பயிற்சி யாருக்கும் வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏற்காடு சாலையும் நல்ல ஏற்றங்கள்தான். ஆனால் வண்டிகள் வரும் பாதை. வெளிச்சம் வந்த பிறகு, எதிர்ப்படும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரத்தில் போங்கள்.

காட்டுக்குள் மட்டும் தன்னிஷ்டத்துக்குப் போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் பலர் உயிரிழந்த பிறகு, அனுமதி விஷயத்தில் யாரும் விளையாடுவதில்லை. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தில் 40 பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. வழிகாட்டியோடு போக வேண்டும், ஓட முடியாது. ஆனாலும் கல்லும் வேரும் நிறைந்த பாதையில் ஒரு முழு நாள் கால் வைத்துப் பார்க்க அதைவிட நேர்மையான வழி இல்லை. கோடையில் தீ அபாயம் உள்ள மாதங்களில் மூடிவிடுவார்கள் என்பதையும் மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

ஏற்றம் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. செங்குத்து வந்ததும் வெட்கப்படாமல் நடங்கள்; முதலிடத்தில் போகிறவர்களும் கடும் ஏற்றத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள். அடியைச் சின்னதாக வையுங்கள். முன்பக்கம் லேசாகச் சாய்ந்து, உள்ளங்கையால் தொடையை அழுத்தி ஏறினால் முதுகுக்குப் பாரம் குறையும். முழு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். ட்ரெக்கிங் கம்பு உதவும், ஆனால் அந்தப் போட்டியில் அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வாங்கினால் பயிற்சியிலும் பிடித்துப் பழகுங்கள்.

இறக்கத்தில்தான் சூட்சுமம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. இந்த இரண்டாவது வேலைதான் தசை இழைகளைச் சேதப்படுத்துவது. போட்டியில் 20 கிலோமீட்டர் தாண்டியதும் 'இறக்கத்தில்கூட ஓட முடியலையே' என்று புலம்புகிறவர்களுக்கு மூச்சு நன்றாக இருக்கும், தொடை செத்திருக்கும். நல்ல சேதி என்னவென்றால், தசை இதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ஒரு தடவை இறக்கத்தில் ஓடி வலி வந்து ஆறிய பிறகு, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு சேதம் செய்வதில்லை. அதனால்தான் லிஃப்டில் இறங்காதீர்கள் என்றேன். போட்டிக்கு முந்தைய இரண்டு மாதத்தில் வாரம் ஒரு முறையாவது தொடர்ந்து இறங்குங்கள். பெரிய இறக்கப் பயிற்சியைப் போட்டிக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

இறங்கும் விதத்துக்கும் ஒரு பழக்கம் தேவை. பயத்தில் எல்லோரும் பின்னால் சாய்கிறார்கள். குதிகால் முதலில் விழுந்து வழுக்குகிறது. உடம்பைப் பாதைக்கு மேலேயே வைத்து, முட்டியை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக வேகமாக வையுங்கள். கைகளைச் சமநிலைக்காக அகலமாக விட்டுவிடலாம். புகைப்படத்தில் கோமாளி போலத் தெரிந்தாலும் பரவாயில்லை. கண் காலடியில் இருக்கக் கூடாது, மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். காபித் தோட்டப் பாதைகளில் இது ரொம்ப முக்கியம். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களின் சருகு பாதை முழுக்க மெத்தை மாதிரி கிடக்கும். அடியில் பந்து அளவுக் கல் இருக்கலாம், மழைநீர் போக வெட்டிய குறுக்குக் கால்வாய் இருக்கலாம். சருகு நடுவில் கோடு போட்ட மாதிரி பள்ளமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் அந்தக் கால்வாய்தான். அதன் விளிம்பில் கால் வைக்காமல் தாண்டிவிடுங்கள். பாசி பிடித்த கல்லையும் ஈரமான வேரையும் கூடிய மட்டும் மிதிக்காதீர்கள். மிதித்துத்தான் ஆக வேண்டும் என்றால் பாதம் முழுவதும் நேராகப் பதியட்டும். அதன்மேல் திரும்பவோ எம்பவோ கூடாது.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலேயே பத்து நிமிடம்: ஒற்றைக்கால் ஸ்குவாட், படியிலிருந்து மெதுவாக ஒற்றைக்காலில் இறங்குவது, குதிகால் உயர்த்துவது. கணுக்காலுக்குப் பல் தேய்க்கும்போது ஒரு காலில் நின்றாலே போதும்.

4. கூட எடுத்துப்போகும் பொருள்கள்

இந்தத் தலைப்பில் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டம் நடந்தது. 172 பேர் கிளம்பினார்கள். மதியம் மலைமேல் திடீரென்று ஆலங்கட்டி மழையும் உறைய வைக்கும் மழையும் சூறைக்காற்றும் வந்தன. பலர் அரைக்கால் சட்டையும் டி-ஷர்ட்டும்தான் போட்டிருந்தார்கள். காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் கட்டாயப் பட்டியலில் இல்லை. 21 பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள். இறந்தவர்களில் அந்த நாட்டின் முன்னணி அல்ட்ரா (மராத்தானைவிட நீண்ட ஓட்டம்) வீரர்களும் இருந்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஆறு பேரைக் காப்பாற்றினார்.

நம் மலைகள் அவ்வளவு கொடூரமானவை இல்லை. ஆனால் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. கோவைக்கும் தொட்டபெட்டாவுக்கும் இடையே கணக்குப்படியே சுமார் 14 டிகிரி வித்தியாசம். நனைந்த சட்டையோடு காற்றில் ஒரு மணி நேரம் மெதுவாக நடந்தால் நடுக்கம் வந்துவிடும். எனவே மழைக்கோட்டு என்பது தொப்பியுள்ள, லேசான, தண்ணீர் உள்ளே இறங்காத ஜாக்கெட்டாக இருக்கட்டும். பருத்தி டி-ஷர்ட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நனைந்தால் காயவே காயாது.

ஐரோப்பாவில் மோன் பிளான் மலையைச் சுற்றி நடக்கும் புகழ்பெற்ற யூ.டி.எம்.பி. போட்டியின் கட்டாயப் பட்டியல் நல்ல முன்மாதிரி: கைபேசி, குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர், ஹெட்லாம்ப், விசில், மின்னும் தாள் போன்ற உயிர்காப்புப் போர்வை, மீள்துணிக் கட்டு, கையிருப்பு உணவு, ஜாக்கெட். முப்பது கிலோமீட்டருக்கு இவ்வளவு எதற்கு என்று தோன்றும். ஜாக்கெட், தண்ணீர் தவிர மற்றதெல்லாம் சேர்த்தாலும் எடை கொஞ்சம்தான். கால் பிசகி ஓரிடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டி வந்தால் அப்போது புரியும். ஆபத்தில் விசில் ஊத ஒரு முறை உண்டு: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, அப்புறம் ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் கேட்டுவிட்டது என்று அர்த்தம். சிக்னல் இருந்தால் போட்டி அலுவலர் எண், அவர் கிடைக்காவிட்டால் அவசர உதவி எண் 112.

காலணிக்குத்தான் செலவழிக்க வேண்டும். அடியில் 4, 5 மில்லிமீட்டர் உயரப் பற்கள் உள்ள ட்ரெயில் ஷூ வாங்குங்கள். சாலை ஷூ சேற்றில் வாழைப்பழத் தோல்தான். இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கி விரல் முட்டும் என்பதால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஓடும் சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். முதுகுக்கு ஹைட்ரேஷன் வெஸ்ட், அதாவது தண்ணீரும் பொருள்களும் வைத்து உடம்போடு மாட்டிக்கொள்ளும் பை. விலை உயர்ந்தது வேண்டாம். குலுங்காமல் உடம்போடு ஒட்டி நின்றால் போதும். டெகாத்லான் போன்ற கடைகளில் நிரப்பிப் போட்டுக் குதித்துப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

எதுவாக இருந்தாலும் முழுப் பொருளோடும் குறைந்தது இரண்டு நீண்ட ஓட்டம் ஓடியிருக்க வேண்டும். எங்கே உரசிப் புண்ணாகிறது என்பது அப்போதுதான் தெரியும். தெரிந்த இடத்தில் வாஸலின் தடவிக்கொள்ளலாம்.

மழைக்குப் பிந்தைய மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையில் அட்டைப்பூச்சி இல்லாமல் இருக்காது. சாக்ஸ்மேல் வேப்பெண்ணெயோ, மூக்குப்பொடி கரைத்த தண்ணீரோ தடவிக்கொள்வது மலைக்காரர்களின் பழைய வழக்கம். மழையில் கழுவிப்போகும் வரை உதவும். கடித்துவிட்டால் பிய்த்து எறியாமல், நகத்தை அதன் வாய்க்கு அடியில் கொடுத்து நெம்பி எடுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளை அது செலுத்திவிடுவதால், விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ரத்தம் வரும். பார்க்கத்தான் பயங்கரம், ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை.

5. வயிறு

ஏழெட்டு மணி நேரம் ஓடுகிறவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. ஓட்டக்காரர்கள் பிழிந்து விழுங்கும் ஜெல் பாக்கெட் நல்லதுதான், ஆனால் நாலாவது ஜெல்லில் நாக்கே செத்துவிடும். பேரீச்சை, கடலை மிட்டாய், உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கு, உப்புக் கடலை எல்லாம் நம் வயிற்றுக்குத் தெரிந்த சரக்கு. கடலை மிட்டாயை முன்பே சிறு துண்டாக உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டே முழுத்துண்டைக் கடித்தால் புரையேறும்.

பசித்த பிறகு சாப்பிடலாம் என்று இருக்கக் கூடாது. கைக்கடிகாரத்தில் அரை மணிக்கு ஒரு முறை ஒலி வைத்துக்கொண்டு, ஒலித்ததும் ஏதாவது ஒரு வாய். இதைப் பயிற்சியில் பழகியிருக்க வேண்டும். வயிறும் தசை மாதிரிதான் பழகுகிறது.

தண்ணீரில் இரண்டு தவறும் நடக்கும். குறைவாகக் குடித்தால் சோர்வு. பயந்துபோய் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அது உயிருக்கே ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் ரத்தம் சோதிக்கப்பட்ட ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குத் தக்கபடி குடியுங்கள். ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ்., இன்னொன்றில் வெறும் தண்ணீர் என்று வைத்துக்கொள்வது எளிது. விரல் வீங்கி மோதிரம் இறுகி, தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலும் தண்ணீர் குடிக்காமல் மருத்துவ உதவியாளரிடம் சொல்லுங்கள்.

வலி மாத்திரை விஷயத்தில் நான் கறார். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகையை ஓட்டத்துக்கு முன்னாலோ நடுவிலோ போடவே கூடாது. நீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தை அது பாதிக்கும். பக்கத்தில் ஓடுகிறவர் அன்பாக நீட்டினாலும் வேண்டாம்.

6. முந்தின நாளும் விடியற்காலையும்

இரவுப் பேருந்தில் வளைவெல்லாம் ஏறி, வாந்தியெடுத்து, விடிந்ததும் நேரே ஸ்டார்ட்டுக்குப் போவது என்ற திட்டத்தைக் கைவிடுங்கள். ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். போட்டி வாரத்தில் மலையூர்களில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, பதிவு செய்த அன்றே அறையையும் பேசிவிடுங்கள். பிப் (சட்டையில் குத்திக்கொள்ளும் போட்டி எண்) வாங்கும் இடத்தில் பொருள்களைச் சோதிப்பார்கள். அங்கு நடக்கும் விளக்கக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். கடைசி நேரப் பாதை மாற்றம், யானை நடமாட்டம், காட்டுமாடு நிற்கும் தோட்டம் எல்லாம் அங்கேதான் சொல்வார்கள். வரைபடத்தில் பாதையைக் காட்டும் ஜி.பி.எக்ஸ். கோப்பைக் கைபேசியில் இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாடு சீக்கிரம், தெரிந்த சாப்பாடு. அந்த ஊர் காரக் குழம்பை ஓடி முடித்த பிறகு ருசிக்கலாம். தூக்கம் சரியாக வராது, அதனால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. கால் நகங்களை முந்தின வாரமே வெட்டியிருக்க வேண்டும்.

7. ஓட்டம்

முதல் அரை மணி நேரம் எல்லோரும் பறப்பார்கள். பறக்கட்டும். ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்தில் எப்படியும் வரிசை நிற்கும், அங்கே எல்லோரையும் பார்க்கலாம். பின்னால் வேகமாக வருகிறவருக்கு அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள். நீங்கள் முந்துவதானால் 'வலது பக்கம் வர்றேன்' என்று குரல் கொடுத்துவிட்டு முந்துங்கள்.

ரிப்பனைக் கண்காணிப்பது ஒரு வேலை. பாதை பிரியும் இடமெல்லாம் நின்று பாருங்கள். ஐந்து நிமிடம் ஓடியும் ரிப்பன் தெரியவில்லை என்றால், கடைசியாகப் பார்த்த ரிப்பனுக்கே திரும்பிவிடுங்கள். முன்னால் போகிறவர் பின்னால் போனால் போதும் என்று நம்புவது ஆபத்து. அவரும் தனக்கு முன்னால் போனவரை நம்பித்தான் போய்க்கொண்டிருப்பார்.

எய்ட் ஸ்டேஷனில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். அதுதான் மொத்தப் பாதையிலும் மோசமான இடம். தன்னார்வலர் ஒருவர் உருளைக்கிழங்கில் உப்பைத் தூவிக் கையில் கொடுப்பார், இன்னொருவர் 'உட்காருங்க சார், எலுமிச்சை ஜூஸ் குடிங்க' என்பார். உட்கார்ந்தால் தொடை இறுகிவிடும், ஐந்து நிமிடம் என்று நினைத்தது இருபதாகும். வரும்போதே மனதில் வரிசை போட்டுக்கொள்ளுங்கள்: பாட்டில் நிரப்பு, இரண்டு வாய் சாப்பிடு, கையில் ஒன்று எடு, குப்பையைப் போடு, கிளம்பு. மெல்லும் வேலையை நடந்துகொண்டே செய்யலாம். ஷூவில் கல் இருந்தால் மட்டும் உட்காருங்கள். இருந்தால் கட்டாயம் உட்காருங்கள், சின்னக் கல்தான் கொப்புளமாக மாறுகிறது.

யாராவது விழுந்து கிடந்தால் நிற்க வேண்டும். இது விதியிலேயே இருக்கும். இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும்.

எங்கோ நடுவில் எல்லாம் கசந்துபோகும் ஒரு நேரம் வரும். பணத்தைக் கட்டி இந்த அவஸ்தை தேவையா என்று தோன்றும். பத்தில் எட்டு முறை அது சர்க்கரை குறைந்ததன் புலம்பல். ஏதாவது சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் நடந்து பாருங்கள், அதற்கு முன் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

8. நிறுத்த வேண்டிய நேரம்

களைப்பு, கொப்புளம், சாதாரணத் தொடை வலி இவற்றோடு மெதுவாகப் போய்விடலாம். காலை ஊன்றவே முடியாத கூர்மையான வலி, நெஞ்சில் அழுத்தம், நிற்காத வாந்தி, பேச்சுக் குழறல், நடுக்கம் வந்து பிறகு நடுக்கமே நின்றுபோய் மந்தமாவது ஆகியவற்றில் எது வந்தாலும் அங்கேயே ஓட்டம் முடிந்தது. அடுத்த எய்ட் ஸ்டேஷனில் பிப்பைக் கொடுத்து, பெயரைப் பதிவு செய்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். சொல்லாமல் குறுக்குவழியில் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டால், கடைசி ஆளாக வரும் ஸ்வீப்பர் இருட்டில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்.

டி.என்.எஃப். (ஓட்டத்தை முடிக்கவில்லை) என்ற மூன்று எழுத்துக்கு வெட்கப்படத் தேவையில்லை. 2003-இல் முதல் யூ.டி.எம்.பி.யில் 722 பேர் கிளம்பி 67 பேர்தான் முடித்தார்கள்.

9. முடித்த பிறகு

பதக்கத்தோடு படம் எடுப்பதற்கு முன் ஈரச் சட்டையை மாற்றுங்கள். நின்றதும் உடம்பு வேகமாகக் குளிர்ந்துவிடும். சூடாக ஏதாவது சாப்பிட்டு, அரை மணி நேரமாவது மெதுவாக நடமாடுங்கள். அன்றே கார் ஓட்டிக்கொண்டு மலையிறங்க வேண்டாம். கிளட்சை மிதிக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் வளைவில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வலி முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாளில் அதிகமாக இருக்கும். படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினால் பாதி வலிதான். ஆனால் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், வலி எவ்வளவு குறைவாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள்; 'வெயிலில் ஓடினது, சூடு' என்று இளநீர் குடித்துக்கொண்டு காத்திருக்கும் சமாச்சாரம் இல்லை.

ஷூவில் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். முதல் வாரம் நடை, இரண்டாவது வாரம் சமதளத்தில் மெதுவான ஓட்டம். முடித்த குஷியில் அன்று இரவே 50 கிலோமீட்டர் போட்டிக்குப் பணம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். படியில் நேராக இறங்க முடியும் வரையாவது பொறுத்துவிட்டு, மறுபடியும் அந்தச் சின்ன எழுத்து ஏற்ற எண்ணைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.